முள் இறங்கிய வீடு

“இன்னும் எத்தனை ஊட்டுக்கு நானு டம்மியே மாட்டிட்டுத் திரியறது அம்மணி?” என்று கேட்டார் சென்னியப்பன்.

சாந்தாமணி பைப்பை அறுத்துக்கொண்டிருந்தாள். அறுத்து முடித்து, விளிம்பில் ஒட்டியிருந்த பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஊதிவிட்டாள்.

“டம்மிக்கு என்னங்ணா குறை?”

“ஒரு குறையுமில்ல. பைப்புக்கு எங்கெல்லாம் வாய் தொறந்திருக்குதோ அங்கெல்லாம் ஒரு மூடி. அதை உட்டா அங்கொண்ணும் இங்கொண்ணும் ஜாயின்ட்டு ஒட்டறது. இதைத்தான வந்த நாள்ல இருந்து செய்யறேன்? ஒரு ஊட்டையாவது எங்கிட்ட உடுங்க. நானும் ஆளுதான்னு எனக்கே தெரியோணுமில்ல?”

அவள் அறுத்த பைப்பை அவர் கையில் கொடுத்தாள்.

“இதுக்குள்ள என்னங்ணா இருக்குது?”

சென்னியப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைப் பைப்பில் வைத்தார். அந்தப் பக்கம் வானம் வட்டமாகத் தெரிந்தது.

“ஒண்ணுமில்ல. காலி.”

“சரிங்ணா,” என்றாள் சாந்தாமணி. “இந்த ஊட்டு டெஸ்ட்டை நீங்களே பாருங்க.”

*

சென்னியப்பன் லாரி ஓட்டியவர். காங்கேயத்தில் எண்ணெய் டின் ஏற்றினால் நாக்பூரில் போய்த்தான் இறக்குவார். வழியில் சர்க்கரை நோய் வந்து கண்ணுக்குள் புகுந்துகொண்டது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிய ஆரம்பித்ததும், சாவியை முதலாளி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த சாந்தாமணியிடம் போய் நின்றார். ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வந்த பெண். அவருடைய மூத்த மகள் வயசு.

“எனக்கு இந்த வேலை தெரியாது. கத்துக் குடுப்பீங்களா அம்மணி?”

“வாங்கண்ணா,” என்றாள். அவ்வளவுதான்.

டீக்கடையில் சிரித்தார்கள். “என்ன சென்னியப்பா, வாத்தியாரம்மா இன்னைக்கு லீவு உட்டுட்டாங்களா?” என்பார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். டீ உள்ளே போய்விடும். கேட்டது காதிலேயே தங்கிவிடும்.

*

வீடு குழந்தைவேலுடையது. தேங்காய்க் களம் வைத்திருப்பவர். மாடி வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

சுவரைப் பூசுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. சுவருக்குள் ஓடும் பைப்பில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தி, எங்கும் ஒழுக்கு இல்லை என்று காட்ட வேண்டும். வீட்டைக் கட்டித் தருகிறவர்களின் இஞ்சினியர் வந்து மீட்டரைப் பார்ப்பார். முள் இறங்காமல் நின்றால் பூச்சு. இறங்கினால் தேடு.

குழந்தைவேல் முதல்நாளே நேராகச் சென்னியப்பனிடம்தான் வந்தார். சென்னியப்பனுக்கு நரைத்த மீசை, நல்ல உயரம், நாலு வண்டிக்கு அப்பால் கேட்கிற குரல்.

“மேஸ்திரி, வேலை எப்ப முடியும்?”

பக்கத்தில் நின்ற சாந்தாமணியைச் சித்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். அவள் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

“சட்டுன்னு முடிச்சுரலாமுங்க,” என்றார் சென்னியப்பன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர்தான் மேஸ்திரி.

*

சாந்தாமணி சாமான் எடுக்கத் தாராபுரம் போயிருந்த ஒருநாள், குழந்தைவேல் அவசரமாக வந்தார்.

“மேஸ்திரி, டைல்ஸ் ஒட்டறவங்க வேற ஊருக்குக் கிளம்பறாங்களாமா. போனா லேசுல திரும்பி வரமாட்டாங்க. கீழ் பாத்ரூமை மட்டும் இன்னைக்கு ஒட்டிரட்டுமா?”

டெஸ்ட் முடியாமல் எந்தச் சுவரையும் மூடக்கூடாது. அது சென்னியப்பனுக்குத் தெரியும். சாந்தாமணி சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன விஷயம்.

“உங்க வார்த்தைதான் மேஸ்திரி,” என்றார் குழந்தைவேல்.

“ஒட்டட்டுங்க,” என்றது வாய்.

சாயங்காலம் சாந்தாமணி வந்தாள். பாத்ரூம் வாசலில் நின்றாள். புது டைல்ஸ் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

“நல்லா ஒட்டியிருக்காங்க,” என்றாள்.

சென்னியப்பன் காத்திருந்தார். அவள் கொண்டுவந்த சாமான்களை எண்ணி வைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

*

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார்.

குழாய் வரப்போகிற வாய், ஷவர் வாய், கீசர் வாய், எல்லாவற்றுக்கும் டேப் சுற்றி டம்மி மாட்டினார். கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கினார். மேல்தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்தார். கடைசியாக ஒட்டிய ஜாயின்ட்டுகள் காய்ந்துவிட்டனவா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். பம்பைத் துடைத்து, வாளியை வைத்து, மீட்டரை மாட்டினார்.

குழந்தைவேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு வெள்ளோட்டம் உட்டுப் பாத்துருவமுங்களா மேஸ்திரி?”

ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நிதானமாக வேலை செய்வது கஷ்டம். சென்னியப்பன் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டார். நிரம்பிய சத்தம் கேட்டதும் பம்புக் கட்டையைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார்.

அடித்தார். அடித்தார். தோள் வலித்தது. படுத்த எருமை எழுந்திருப்பதுபோல முள் மெல்ல மெல்ல எழுந்தது. குறித்து வைத்த கோட்டைத் தொட்டது. நின்றது.

“நின்னுருச்சு!” குழந்தைவேல் தொடையில் தட்டிக்கொண்டார். “மேஸ்திரின்னா மேஸ்திரி! இப்படியே உட்டுருங்க. நாளைக்கு அந்த இஞ்சினியர் வந்து கண்ணாரப் பாக்கட்டும்.”

அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பனின் கை கட்டை மேலேயே இருந்தது. அழுத்தினால் கட்டை மெத்து மெத்தென்று திருப்பித் தள்ளியது.

இந்த மெத்து அவருக்குத் தெரியும். எத்தனையோ விடியற்காலைகளில் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பிரேக் டாங்கியில் காற்று ஏறுவதை மீட்டரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த முள்ளும் இப்படித்தான் சோம்பலாக ஏறும். தண்ணீர் இப்படி விளையாடாது.

எழுந்து போனார். வேப்பமர நிழலில் சாந்தாமணி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, காத்து இருக்குமாட்ட இருக்குது.”

“யாருக்குங்ணா?”

“பைப்புக்குங்க.”

“ஓ,” என்றாள். கடலையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். தின்னவில்லை.

“லாரில காத்துதான் உசுரு. காத்து இல்லீன்னா பிரேக்கே புடிக்காது,” என்றார்.

“இங்க?”

சென்னியப்பன் யோசித்தார். உள்ளங்கையிலிருந்த கடலையை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

“தண்ணிய நசுக்க முடியாது. காத்தை நசுக்கலாம். நசுங்கின காத்து சமயம் பாத்துட்டே இருக்கும். எங்கியாவது துளித்துளியாத் தண்ணி வெளிய போனா, போன எடத்துக்கு இது விரிஞ்சு குடுத்துரும். முள்ளு அசையாது.” நிமிர்ந்தார். “அப்ப இப்ப அங்க நிக்கறது வேலையா, காத்தா?”

“நீங்கதானுங்ணா மேஸ்திரி,” என்றாள் சாந்தாமணி.

குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. அதுதான் சுட்டது.

*

வீட்டுக்குப் போனார். தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது.

“உடம்புக்கு என்ன?” என்றாள் மனைவி.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

கணக்கு சுலபமாக இருந்தது. இஞ்சினியர் வருவார். முள்ளைப் பார்ப்பார். போவார். பூச்சு பூசிவிடுவார்கள். வாழைமரம் கட்டி, பால் காய்ச்சி, ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்கள். ஒழுக்கு இருந்தாலும் சின்ன ஒழுக்காகத்தான் இருக்கும். சுவர் ஊற நாளாகும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும். குழந்தைவேல் பெயின்ட்காரனைத் திட்டுவார். அப்புறம் பூச்சு உதிரும். கொத்தனாரைத் திட்டுவார். மேஸ்திரியின் நினைவே வராது.

ஒழுக்கே இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கடைசி எண்ணம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. இல்லை என்று தெரிந்தால் தூங்கலாம். இருக்கிறது என்று தெரிந்தாலும் தூங்கிவிடலாம்.

*

காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய்விட்டார்.

அழுத்தத்தை இறக்கினார். மாடிக்கு ஏறி, வீட்டிலேயே உயரத்தில் இருந்த ஷவர் வாயின் டம்மியைத் தளர்த்தினார். கீழே வந்து தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, மறுபடி மேலே ஏறினார்.

பைப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. விட்டுக்கொண்டே இருந்தது. காலி என்று அவர் சொன்ன பைப்புக்குள்ளிருந்து அத்தனை காற்று வந்தது. பிறகு இருமியது. முகத்தில் எச்சில்போலத் தண்ணீரைத் துப்பியது. மறுபடி காற்று, மறுபடி தண்ணீர். கடைசியில் சத்தம் அடங்கி, கயிறு திரித்தது மாதிரி தண்ணீர் மட்டும் வந்தது.

டம்மியை இறுக்கினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

இந்தத் தடவை பம்பு அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டையைச் சும்மா இரண்டு இழுப்பு இழுத்ததும் முள் துள்ளி எழுந்து கோட்டில் நின்றது. கட்டை கல்லாக இருந்தது.

சென்னியப்பன் முள்ளையே பார்த்தார்.

முள் இறங்கத் தொடங்கியது. அவசரமே இல்லாமல் இறங்கியது.

எழுந்தார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கீழும் மேலும் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். உலர்ந்திருந்தது. இதுவும் உலர்ந்திருந்தது. சமையலறை, மாடி, வாசல், எல்லாம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

தொட முடியாத சுவர் ஒன்றுதான் மிச்சம். அதில் புது டைல்ஸ் பளபளத்தது.

*

சாந்தாமணி வந்தாள். மீட்டரைப் பார்த்தாள். சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

இஞ்சினியரும் குழந்தைவேலும் சேர்ந்தே வந்தார்கள். இஞ்சினியர் அதிகம் பேசாதவர். குனிந்து பார்த்தார்.

“குறையுதுங்களே.”

“குறையுதா?” குழந்தைவேல் அவரைத் தள்ளிக்கொண்டு குனிந்தார். “நேத்து நின்னுச்சு! நானே பாத்தேன்! மேஸ்திரி, என்ன பண்ணுனீங்க?”

“காத்தை எடுத்து உட்டனுங்க.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

அந்த இடத்தில் ஒரு வழி இருந்தது. சென்னியப்பனுக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. விரலை நீட்டினால் போதும். அதோ நிற்கிறதே, அந்த அம்மணிதான் மேஸ்திரி, எதுவானாலும் அங்கே கேளுங்கள். அதில் பொய்கூட இல்லை.

சாந்தாமணி ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்தேன்,” என்றார் சென்னியப்பன். “கீழ் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னதும் நானுதான். டெஸ்ட்டுக்கு முன்னால ஒட்டக்கூடாது. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“தெரிஞ்சேவா?”

“நீங்க மேஸ்திரின்னு கூப்புட்டீங்க. அந்த எடுப்புல சொல்லிட்டேன். மேஸ்திரி நானு இல்லீங்க. இந்த அம்மணி. நானு இவிங்ககிட்டக் கத்துக்க வந்தவன்.”

குழந்தைவேல் அவரைப் பார்த்தார். சாந்தாமணியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“பத்திரிகை குடுத்தாச்சுய்யா!” என்று கத்தினார். கத்தல் பாதியில் உடைந்துவிட்டது. அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“ஒடச்சுச் சரி பண்ணி வையுங்க. நாளைக்கு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் போய்விட்டார்.

குழந்தைவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேசாம இருந்திருக்கலாமில்ல?” என்றார் குழந்தைவேல். கோபம் போய்க் கெஞ்சல் மாதிரி வந்தது.

“இருந்திருக்கலாமுங்க,” என்றார் சென்னியப்பன்.

போய் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

*

முதலில் உடைத்த இடம் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே உடைத்தார். கலவை ஈரச் சர்க்கரை போலப் பொலபொலவென்று விழுந்தது.

உள்ளே ஓர் எல்போ. பைப் திரும்புகிற முனை. அதன் கழுத்தில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது. அடுத்தது திரண்டது.

தன்னுடைய ஜாயின்ட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே உடைத்தவர், துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். உளி கையிலேயே நின்றுவிட்டது.

அவர் ஒட்டினால் சொல்யூஷன் பசை எப்போதும் வழிந்து, காய்ந்த சளி மாதிரி தொங்கும். எத்தனை சொன்னாலும் அவர் கைக்குத் துடைக்க வராது. இந்த எல்போவின் கழுத்து மழமழவென்று சுத்தமாக இருந்தது. அப்படித் துடைக்கிற கை ஒன்றுதான்.

சாந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் குழந்தைவேலின் செருப்புச் சத்தம் கேட்டது.

“என்னுதாவே இருக்கட்டும் அம்மணி,” என்றார் சென்னியப்பன் தணிந்த குரலில். “ஏற்கெனவே நனைஞ்சாச்சு. இன்னுங் கொஞ்சம் நனைஞ்சுக்கறேன்.”

அவள் எல்போவை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். சொட்டு அவள் விரலில் ஏறிக்கொண்டது. எழுந்து திரும்பினாள்.

“இந்த ஜாயின்ட்டை நான்தானுங்க போட்டேன்,” என்றாள் குழந்தைவேலிடம். “போடறப்ப போன் வந்துச்சு. ஒரு கையில போன், ஒரு கையில பைப்பு. உள்ள முழுசாப் போய் உக்காரல. ஒடச்ச டைல்ஸை நாங்களே ஒட்டித் தர்றோம்.”

குழந்தைவேல் குனிந்து எல்போவைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“காலைல இருந்து ஆளுக்காள் ஒத்துக்கறீங்க,” என்றார். “நானு யாரைத்தான் வையறது?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டார்.

பழைய எல்போவை அறுத்து எடுத்தார்கள். புதியதைச் சாந்தாமணி ஒட்டினாள். அவள் பிடிக்க, சென்னியப்பன் அமுக்கினார். விட்டுவிடலாம் என்று தோன்றிய பிறகும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

*

மறுநாள் இஞ்சினியர் மீட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முள் நின்றது. கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தார். நின்றது. வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து பார்த்தார். நின்றது.

“பூசிக்கலாம்,” என்றார்.

குழந்தைவேல் கொத்தனாரைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். இஞ்சினியர் கிளம்பினார்.

வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சாந்தாமணி சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பம்புக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

“கிளம்பலாமுங்ணா.”

“ஒண்ணு கேக்கோணும் அம்மணி.”

“கேளுங்க.”

சென்னியப்பன் முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் கை தப்பும். அது எனக்குத் தெரியும். உங்க கை தப்பாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன். எவன் சிரிச்சாலும் அதை நெனச்சுட்டுத்தான் எந்திரிச்சுப் போவேன். போனு வந்துச்சுன்னு சொல்லீட்டீங்க. செரி. ஆனா தப்புனது தப்புனதுதான். இனி நானு யாரைப் பாத்துக் கத்துக்கறது?”

சாந்தாமணி பையின் வாயைக் கட்டினாள்.

“வால்வைத் திறந்து உடுங்ணா,” என்றாள்.

திறந்துவிட்டார்.

அழுந்திக் கிடந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மணலில் ஒரு குழி பறித்தது. பிறகு சீற்றம் அடங்கி, ஒழுகி, நின்றது. முள் சரிந்து கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் பம்பைக் கழற்றினாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினாள். மீட்டரின் கண்ணாடியைத் பழைய தாவணித் துணியால் துடைத்து, பம்போடு சேர்த்து அவர் மடியில் வைத்தாள்.

“அடுத்த ஊட்டுல ஜாயின்ட்டெல்லாம் நான் போடறேன்,” என்றாள். “நான் போட்டதுன்னு உட்டுராம, நீங்க அழுத்திப் பாருங்க.”